கடலுக்குக் கட்டம் போடுறேன்

ஊருக்குப் போன் பண்ணினா மாமா கேட்கிற முதல் கேள்வி: "மக்கா, நீ அங்க என்னதான்டே படிக்கே?" குளச்சல் பக்கம் வள்ளத்துல கடலுக்குப் போய்க்கிட்டிருந்த மனுஷன். முட்டி வலி வந்த பிறகு கரையோட நின்னுட்டார். "கடல் அலை எவ்வளவு உயரம் வரும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறேன் மாமா"ன்னு ஒருதடவை சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அதுக்கு மெல்பர்ன் வரைக்கும் போணுமாடே? காலையில கரையில வந்து நின்னா தெரிஞ்சிட்டுப் போகுது"ன்னார். :-)

அவருக்குப் போன்ல சொல்ல முடியாத பதிலை இங்க எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

உண்மையைச் சொன்னா நான் செய்யுற வேலையில முக்கால்வாசி அலையே கிடையாது. கட்டம் போடுறதுதான். ஜாதகக் கட்டம் இல்ல, அதுக்குப் பன்னிரண்டு போதும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி கடல் மேல வரிசையா புள்ளி வச்சு, ஒவ்வொரு புள்ளிக்கும் கீழ ஆழம் எவ்வளவுன்னு சொல்லி, மேல காத்து எப்படி அடிக்குதுன்னு கொடுத்தா, மிச்சத்தை மாடல் பார்த்துக்கும். நான் பயன்படுத்துறது ஸ்வான். நெதர்லாந்துல டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்துல செஞ்சது, கரையோரத்துக்குன்னே உண்டானது. பெருங்கடலுக்கு அமெரிக்க வானிலைத் துறையில பிறந்த வேவ்வாட்ச் த்ரீ இருக்கு. ரெண்டுமே இலவசம்.

இந்த மாடல்கள் ஒவ்வொரு அலையா வரைஞ்சு காட்டும்னு நினைச்சுத்தான் நானும் வந்தேன். அப்படி இல்ல. ஒவ்வொரு புள்ளியிலயும் எந்தத் திசையில, எந்த அலைவெண்ல எவ்வளவு ஆற்றல் போகுதுங்கிற கணக்கு மட்டும்தான். அதைக் கூட்டி எடுத்தா 'முக்கிய அலை உயரம்'னு ஒரு எண் வரும். கடல்ல வர்ற அலைகள்ல உசரமான மூணுல ஒரு பங்கை எடுத்து சராசரி போட்டா என்ன வருமோ, கிட்டத்தட்ட அது. பழகின கண்ணால மாமா "ஒரு ஆள் உசரம்"னு சொன்னா அதுவும் ஏறக்குறைய இந்த எண்தான். தனி அலை ஒண்ணு இதுபோல ரெண்டு மடங்கு வரைக்கும் எழும்பலாம்ங்கிறது வேற விஷயம்.

ஆக கட்டம்னா நீளம், அகலம் மட்டும் இல்ல. திசையையும் துண்டு போடணும், அலைவெண்ணையும் துண்டு போடணும். மெல்பர்ன் நகரம் உட்கார்ந்திருக்கிற போர்ட் ஃபிலிப் வளைகுடாவை எடுத்துக்குங்க. அதைச் சுத்தி 60-க்கு 70 கிலோமீட்டர்ல ஒரு பெட்டி போட்டு, 500 மீட்டருக்கு ஒரு புள்ளி வச்சா சுமார் 16,800 புள்ளி. பத்து டிகிரிக்கு ஒண்ணா 36 திசை, 30 அலைவெண். பெருக்கிப் பாருங்க, 1 கோடியே 81 லட்சம் எண்கள். இதை ஒவ்வொரு நேர அடிக்கும் திரும்பத் திரும்பக் கணக்குப் போடணும். ஆசைப்பட்டு 100 மீட்டருக்கு ஒரு புள்ளி வச்சா 45 கோடியைத் தாண்டும். அதனால 'எல்லா இடத்துலயும் நெருக்கமா வச்சிடலாமே'ங்கிற பேச்சு பட்ஜெட்டுக்கு ஆகாது. எங்க நெருக்கணும், எங்க விடணும்னு தெரியணும். அதைச் சாஃப்ட்வேர் சொல்லாது.

நான் முதல்ல போட்ட கட்டம் இதே வளைகுடாவுக்குத்தான். சுலபமான இடம்னு நினைச்சேன். கிட்டத்தட்ட மூடின தொட்டி, பரப்பு சுமார் 1,950 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி ஆழம் குறைச்சல், எங்கயும் இருபத்தஞ்சு மீட்டரைத் தாண்டாது (வாயில இருக்கிற பள்ளத்தைத் தவிர). வெளிக்கடலுக்கு இருக்கிறது ஒரே ஒரு வாசல், தெற்குல பாயிண்ட் நெப்பியனுக்கும் பாயிண்ட் லான்ஸ்டேலுக்கும் நடுவுல. அதுக்கு 'தி ரிப்'னு பேரு. ஏறக்குறைய மூணு கிலோமீட்டர் அகலம். அந்த வாசல்ல கப்பல் கவுந்த கதைகள் இங்க நிறைய.

முதல் தப்பு, வாசல்லயே. ரெண்டு கிலோமீட்டர் கட்டத்துல ஆரம்பிச்சேன். மூணு கிலோமீட்டர் வாசல்ல ஒரு புள்ளி விழலாம், பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தினா ரெண்டு விழலாம். எனக்கு ஒரு புள்ளி விழுந்துச்சு. வெளிக்கடல்ல இருந்து வர்ற ஸ்வெல் அந்த ஒத்தைப் புள்ளி வழியா டார்ச் லைட் அடிச்ச மாதிரி உள்ள வந்துச்சு. நிஜத்துல வாசலுக்கு உள்பக்கம் கிரேட் சாண்ட்ஸ்னு பெரிய மணல்திட்டுகள் இருக்கு. ஸ்வெல் அங்கேயே உடைஞ்சு ஓய்ஞ்சிடும். செயின்ட் கில்டா கரையில நாம பார்க்கிறது எல்லாம் வளைகுடாவுக்குள்ளயே காத்து கிளப்புற குட்டை அலை. பலமா தெற்குக் காத்து அடிச்சா ஒண்ணு, ஒண்ணரை மீட்டர், நாலஞ்சு நொடிக்கு ஒண்ணு, அவ்வளவுதான்.

ரெண்டாவது தப்பைச் சொல்ல வெட்கமா இருக்கு. இருந்தாலும் சொல்றேன், யாராவது ஒருத்தருக்கு ஒரு வாரம் மிச்சமாகும். ஆழ அளவுகளை ஒரு ஃபைல்ல எழுதிக் கொடுக்கும்போது, வரிசை வடக்குல இருந்து ஆரம்பிக்குதா தெற்குல இருந்தான்னு ஸ்வானுக்கு ஒரு எண் போட்டுச் சொல்லணும். அந்த எண்ணுக்குப் பேரு ஐடிஎல்ஏ. 1 போட்டா மேல் இடது மூலை, 3 போட்டா கீழ் இடது மூலை. என் ஃபைல் வடக்குல இருந்து எழுதினது. நான் போட்டது 3. மாடல் ஒரு முணுமுணுப்பும் இல்லாம ராத்திரி முழுக்க ஓடிச்சு. காலையில செயின்ட் கில்டாவுக்குத் தள்ளி நான் வச்சிருந்த புள்ளியில பார்த்தா, தெற்குக் காத்துக்கு அலை ஏறுது, வடக்குக் காத்துக்கு இறங்குது. அருமையான கிராஃப். கைடுகிட்ட கொண்டு போய்க் காட்டினேன். அவர் கிராஃபைப் பார்க்கவே இல்ல. "வரைபடத்தைக் காட்டு"ன்னார். காட்டினேன். ரெண்டு நொடி பார்த்துட்டு, "ஜீலாங் எங்கே?"ன்னு கேட்டார்.

தென்மேற்குல இருக்கவேண்டிய ஜீலாங் வடமேற்குல இருந்துச்சு. கடல் வாசல் மெல்பர்ன் நகரத்துக்குள்ள திறந்திருந்துச்சு. வளைகுடாவே தலைகீழ். நான் செயின்ட் கில்டான்னு நினைச்சு ரசிச்சது, தெற்குக் கோடியில இருக்கிற ரோஸ்பட்டோட ஆழத்துல வந்த அலை! எண்கள் நியாயமா இருந்ததுதான் ஆபத்து. அபத்தமா வந்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருப்பேன். அதுல இருந்து ஒரு பழக்கம்: எந்தக் கட்டம் போட்டாலும் ஓட்டுறதுக்கு முன்னாடி ஆழத்தை மட்டும் படமா வரைஞ்சு, ஊர் ஊரா விரல் வச்சுப் பார்க்கிறது.

இதே வகையறாவுல இன்னும் சிலது உண்டு. இலவசமாக் கிடைக்கிற கெப்கோ மாதிரி உலக ஆழத் தொகுப்புகள்ல கடலுக்கு மைனஸ், மலைக்கு பிளஸ். ஸ்வானுக்கு நேர் எதிர், ஆழம்தான் பிளஸ். மாத்த மறந்தா கடல் காய்ஞ்சு டாண்டினாங் மலை மேல அலை அடிக்கும். கட்டத்துல 'எத்தனை'ன்னு கேட்டா புள்ளிகளோட எண்ணிக்கையைக் கொடுக்கக்கூடாது, இடைவெளிகளோட எண்ணிக்கையைக் கொடுக்கணும், அதாவது ஒண்ணு கம்மி. திசை விஷயம் இன்னும் மோசம். வானிலைக்காரங்க 'தெற்குக் காத்து'ன்னா தெற்குல இருந்து வர்றது. ஸ்வான்ல நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா அது கணக்கு வாத்தியார் மாதிரி கிழக்குல ஆரம்பிச்சு இடஞ்சுழியா, எங்க போகுதுங்கிறதைத்தான் திசைன்னு எடுத்துக்கும். ஆழம் எந்த மட்டத்துல இருந்து அளந்ததுங்கிறது இன்னொரு தலைவலி. கப்பல் வரைபடம் கடல் ரொம்ப வத்தின மட்டத்துல இருந்து அளக்கும், நில அளவைக்காரங்க சராசரி கடல் மட்டத்துல இருந்து. ரெண்டையும் கலந்து ஒட்டினா கரையோரத்துல ஒரு படி உண்டாகும், அங்க அலை தடுக்கி விழும்.

மூடின தொட்டியில இவ்வளவு. திறந்த கரைக்கு வாங்க, சிட்னிக்கு.

சிட்னிக்கு வடக்கே நாரபீன்-காலராய்னு ஒரு கடற்கரை. 1976-ல இருந்து மாசாமாசம் மணல் அளந்துக்கிட்டே வர்றாங்க. உலகத்துல இவ்வளவு நாள் விடாம அளந்த கடற்கரைகள் கொஞ்சம்தான். அதோட தெற்கு முனையில லாங் ரீஃப்னு ஒரு நிலமுனை கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கு. சிட்னிக்கு வழக்கமா பெரிய அலை வர்றது தென்கிழக்குல இருந்து. அதனால காலராய் பக்கம் அந்த மூக்கோட நிழல்ல பத்திரமா இருக்கும். 2016 ஜூன் முதல் வாரத்துல வந்த புயல்ல அலை கிழக்கு-வடகிழக்குல இருந்து வந்துச்சு, உயர் ஓதமும் கூடவே. நிழல் வேலை செய்யலை. கடற்கரை 50 மீட்டர் வரைக்கும் உள்வாங்கிச்சு, ஒரு வீட்டோட நீச்சல் குளம் பிடுங்கிக்கிட்டு மணல்ல கவுந்து கிடந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. பின்னாடி விமான லேசர் அளவை வச்சு மிட்செல் ஹார்லியும் கூட்டாளிகளும் 2017-ல எழுதின கட்டுரைப்படி, 177 கிலோமீட்டர் கரையில 1 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணல் போயிருக்கு. அலை எவ்வளவு உசரம்ங்கிறதை விட எந்தப் பக்கத்துல இருந்துங்கிறதுதான் அந்த இடத்துல வீட்டைத் தள்ளிச்சு.

கட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, ஒரு கிலோமீட்டர் கட்டத்துல லாங் ரீஃப் வெறும் ஒரு புள்ளி. ஒரு புள்ளி நிழல் போடாது. திசையை முப்பது டிகிரிக்கு ஒரு துண்டா வெட்டினா, நிழலைத் தொடுற அலையும் தொடாத அலையும் ஒரே துண்டுல அடைஞ்சிடும். அங்க 50 மீட்டர்ல உள்கட்டம் போட்டு, அதுக்கு வெளியே 500 மீட்டர்ல ஒண்ணு, அதுக்கும் வெளியே பெருங்கடல் மாடல்னு அடுக்கணும். எவர்சில்வர் டப்பாவுக்குள்ள டப்பா போடுற மாதிரி. வெளி டப்பா ஓரத்துல கிடைக்கிற அலையை உள் டப்பாவுக்கு எல்லையில ஊட்டணும்.

இந்த எல்லைதான் இந்த வேலையிலயே முக்கியமான இடம்னு நான் நினைக்கிறேன். நீங்க எல்லையில எதுவும் கொடுக்கலைன்னா, அங்கிருந்து அலையே வரலைன்னு ஸ்வான் எடுத்துக்கும். எச்சரிக்காது, கடல் அமைதின்னு முடிவு பண்ணிடும். பக்கவாட்டு எல்லையில அலை கொடுக்காம விட்டா, அந்தப் பொய் அமைதி முக்கோணமா உள்ளே பரவும். காத்து அலைக்கு 30, 45 டிகிரி வரைக்கும்கூட. அதனால நமக்கு வேண்டிய இடத்தை விடப் பெருசா பெட்டி போடணும். எவ்வளவு பெருசு? அதுக்குத்தான் நம்ம ஊருக்கு வர்றேன்.

குமரிக் கரைக்குக் கட்டம் போடுறீங்கன்னு வச்சுக்குங்க. முட்டம், குளச்சல், ராஜாக்கமங்கலம் எல்லாம் உள்ள வர்ற மாதிரி, இன்னும் தாராளமா இலங்கை, லட்சத்தீவு வரைக்கும். நல்ல காத்து டேட்டா கொடுக்குறீங்க. சில நாள்ல மாடல் 'அலை இல்ல'ன்னு சொல்லும், அன்னைக்குக் கடல் தெருவுக்குள்ள வரும். மலையாளக் கரையில இதுக்குக் கள்ளக்கடல்னு பேரு. கள்ளன் மாதிரி சொல்லாம வர்ற கடல். உள்ளூர்ல காத்து இருக்காது, வானம் வெளிச்சமா இருக்கும். அலை பிறந்த இடம் தென்பெருங்கடல், 30 டிகிரி தெற்குக்கும் கீழே. விக்டோரியாவோட மேற்குக் கரையில நான் நின்னு வாயைப் பிளந்து பார்க்கிற ஸ்வெல்லோட தாய்வீடும் அதே கடல்தான். அங்க எழும்புற புயல் கிழக்கே அனுப்புறது எங்களுக்கு, வடக்கே அனுப்புறது உங்களுக்கு.

கணக்கு சின்னதுதான். 16 நொடி அலையோட ஆற்றல் ஆழ்கடல்ல மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் போகும், ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம். 40 டிகிரி தெற்குல இருந்து குமரி முனை 5,300 கிலோமீட்டர். அஞ்சு நாள். அதாவது அஞ்சு நாள் முன்னாடியே தெரிஞ்சுக்கலாம், உங்க வெளி டப்பா அண்டார்டிகா பக்கம் வரைக்கும் நீண்டிருந்தா. ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் இதைத்தான் செய்யுது. கள்ளக்கடல் எச்சரிக்கைன்னு நீங்க செய்தியில பார்க்கிறது அங்கிருந்து வர்றதுதான்.

(சுனாமி இதுல தெரியுமான்னு வழக்கமா ஒருத்தர் கேட்பார். தெரியாது. இது ஒண்ணுல இருந்து இருபத்தஞ்சு நொடி வரைக்கும் உள்ள காத்து அலைகளுக்கு. சுனாமிக்கு ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல பல நிமிஷம், அதுக்கு மாடலே வேற.)

பெரிய கட்டத்துலயும் ஓட்டை உண்டு. தென்மேற்குல இருந்து நமக்கு வர்ற ஸ்வெல் மாலத்தீவு, லட்சத்தீவு வரிசையில மோதும். அந்தத் தீவுகள் 50 கிலோமீட்டர் கட்டத்துல காணாமலே போயிடும். அலை ஒண்ணுமே நடக்காத மாதிரி தாண்டி வந்து, மாடல்ல தீவுக்குப் பின்னாடி கூடுதல் உயரம் காட்டும். வேவ்வாட்ச்ல ஹென்ட்ரிக் டோல்மனும் அருண் சாவ்லாவும் இதுக்கு ஒரு வழி பண்ணினாங்க. கட்டத்துக்குள்ள எத்தனை பங்கு நிலம் அடைக்குதோ அத்தனை பங்கு ஆற்றலைக் கழிச்சுடு, சல்லடை மாதிரி. கரைக்கோடும் ஆழமும் கொடுத்தா அந்தச் சல்லடைக் கட்டத்தை உண்டாக்கித் தர்ற கிரிட்ஜென்ங்கிற நிரல் தொகுப்பும் இருக்கு. ராமேஸ்வரம் பக்கம் மட்டும் எதை நம்பினாலும் கையால ஒருதடவை சரிபாருங்க. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல இருக்கிற மணல்திட்டு வரிசையைப் பெரிய கட்டம் ஆழமான வாசலாத் திறந்து வச்சா, மன்னார் வளைகுடா ஸ்வெல் பாக் நீரிணைக்குள்ள ஜம்முனு போயிடும்.

2024 மே 6-ந்தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்துல லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்கள் அலையில போனாங்க. கள்ளக்கடல் எச்சரிக்கை முன்னாடியே இருந்துச்சு. நான் இங்க ஆபீஸ்ல அந்தச் செய்தியைப் படிச்சேன். மாடல் தப்பா சொல்லலை, தென்பெருங்கடல் வரைக்கும் கட்டம் இருந்துச்சு. ஆனா எச்சரிக்கை 'மாவட்டக் கரை'ன்னு வருது. கல்லூரிப் பிள்ளைங்க கால் நனைக்கிற அந்த இருநூறு மீட்டர்ல என்ன நடக்கும்னு சொல்ல, உள்ளே இன்னும் ரெண்டு மூணு டப்பா வேணும். அது மட்டும் இருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு நான் சொல்ல வரலை. கரையில கயிறு கட்டி ஆள் நிறுத்துறது எந்த மாடலையும் விட வேகம். ஆனா எந்த வளைவுல அலை குவியும், எங்க ஆள் நிறுத்தணும்னு சொல்றது இந்தச் சின்னக் கட்டத்தோட வேலை.

அதைப் போட உட்கார்ந்தேன், ராத்திரி நேரங்கள்ல, என் படிப்புக் கணக்குல சேராத வேலையா. உடனே மாட்டிக்கிட்டது ஆழத்துல. விக்டோரியா கரைக்கு விமானத்துல இருந்து லேசர் அடிச்சு எடுத்த அளவுகள் இருக்கு. குமரிக்கு என் கைக்குக் கிடைக்கிறது கெப்கோ, ஏறக்குறைய 450 மீட்டருக்கு ஒரு எண். அதுலயும் பல இடத்துல அளக்காம, அக்கம்பக்கத்தை வச்சு இட்டு நிரப்பினது. படம் வரைஞ்சா கரையில இருந்து வழுவழுன்னு சரிஞ்சுக்கிட்டே போகுது. அப்படியா இருக்கும் நம்ம கடல்?

மாமாவுக்குப் போன் போட்டேன். "மாமா, நீங்க வலை போடப் போற அந்தப் பார் எங்க இருக்கு?"

"எதுக்குடே?"

"கட்டத்துல வைக்கணும்."

கோயில் கோபுரத்தையும் பின்னாடி மலையையும் எப்படிச் சேர்த்துப் பார்க்கணும், இன்னொரு பக்கம் எந்தப் பாறையை எதோட ஒட்ட வைக்கணும்னு சொல்லிக்கிட்டே போனார். ரெண்டு கோடு வரைஞ்சேன், வெட்டுற இடத்துல ஒரு புள்ளி வந்துச்சு. கெப்கோவுல அங்க ஒண்ணுமே இல்ல, தட்டை.

"ஆழம் எவ்வளவு மாமா?"

"மேல ஏழெட்டுப் பாகம். சுத்தி பன்னிரண்டு இருக்கும்."

பாகத்தை 1.8-ஆல பெருக்கி எழுதிக்கிட்டேன். பழக்க தோஷத்துல, "அது தண்ணி வத்தினப்பவா, ஏறினப்பவா?"ன்னு கேட்டேன்.

"நம்ம கடல்ல வத்தும் ஏறும் ஒண்ணரை முழம் இருக்குமாடே? நீ என்ன ஒண்ணரை முழத்துக்கெல்லாம் கணக்குப் பார்க்கே"ன்னு சிரிச்சார். சிரிச்சுட்டு, அதுக்குத் தெக்கே இன்னொரு பார் இருக்கு, அதையும் எழுதிக்கோன்னார்.

இதுவரைக்கும் பதினொரு பார் வச்சிருக்கேன். ரன் ஓடிக்கிட்டிருக்கு, முடிய இன்னும் ஆறு மணி நேரம் ஆகும். ஓட்டுறதுக்கு முன்னாடி படம் வரைஞ்சு குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம்னு விரல் வச்சுப் பார்த்தேன். எல்லாம் அந்தந்த இடத்துலதான் இருக்கு.